காத்தாடி கத்தவில்லை என்றால்: குவாலிஸில் ஃபேன் கிளட்ச் பார்த்து மாற்றுவது

போடியிலிருந்து காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் முந்தல் செக்போஸ்ட்டைத் தாண்டும்போது வானம் லேசாக வெளுக்கும். அங்கிருந்து போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். என்னுடையது 2003 மாடல் டொயோட்டா குவாலிஸ், டீசல். வாரத்தில் ஆறு நாள் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறேன், சாயங்காலம் திரும்பக் கூட்டி வருகிறேன். உள்ளே எப்போதும் வண்டி நிறைய ஆள், மேலே கேரியரில் தூக்குவாளியும் சாக்கும்.

போன மாசியில் டெம்பரேச்சர் முள் சேட்டை செய்ய ஆரம்பித்தது. எப்போதும் பாதிக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற முள், புலியூத்து தாண்டி நாலு வளைவு ஏறியதும் பாதிக்கு மேலே போனது. மெட்டில் நிறுத்தி ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பழைய இடத்துக்கு இறங்கியிருக்கும். தேனி ரோட்டில் எழுபதில் போனால் ஒன்றும் இல்லை. ஏற்றத்தில் மட்டும்தான் இந்தக் கூத்து.

அதற்குப் பிறகு நான் செய்த செலவை வரிசையாகச் சொல்கிறேன், நீங்களாவது தப்பியுங்கள். முதலில் கூலண்ட் மாற்றினேன். அப்புறம் ரேடியேட்டர் மூடி. அப்புறம் ஒரு கடையில் ரேடியேட்டரைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தார்கள். "உள்ளே பாதி அடைப்பு" என்று சொல்லிக் காசு வாங்கினார்கள், ஆனால் எடுத்த அழுக்கைக் காட்டவில்லை. கடைசியாக இன்னொருவர், "தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறிஞ்சிரு, சூடே ஏறாது" என்றார். எஞ்சின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்து வைக்கிற வால்வு அது. எறிந்தேன். காலைக் குளிரில் எஞ்சின் சூடாகவே மாட்டேன் என்றது, புகை அடித்தது. பன்னிரண்டாவது வளைவில் வழக்கம்போல முள் மேலே போனது. சில எஞ்சின்களில் பைபாஸ் வழியை அடைப்பதும் அதே தெர்மோஸ்டாட்தான். அதை எடுத்துவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சுற்றிக்கொண்டிருக்கும். ஆக, அந்த யோசனை ஏற்றத்தில் கெடுதல்தான் செய்யும். புதுசு வாங்கித் திரும்பப் போட்டேன்.

கண்டுபிடித்தது மெக்கானிக் இல்லை. பத்து வருசமாக என் வண்டியில் பின்சீட்டில் ஏறுகிற பெரியம்மா ஒருத்தர். ஒருநாள் வளைவில் நிறுத்தி பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அவர் இறங்கி வந்து சேலையை உதறிக்கொண்டே, "ஏப்பா, முந்தியெல்லாம் இந்த எடத்துக்கு வந்தா காத்தாடி ஓன்னு கத்துமே. இப்ப கொஞ்ச நாளா சத்தத்தையே காணோம்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அந்த உறுமல் நின்று மூன்று மாதமாவது இருக்கும். வண்டி சத்தமில்லாமல் போகிறதே என்று நான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் ஏமாறுகிற இடமும் இதுதான். எஞ்சின் ஓடும்போது எட்டிப் பார்த்தால் காத்தாடி சுற்றிக்கொண்டிருக்கும். "அதான் சுத்துதே" என்று அடுத்த பொருளுக்குப் போய்விடுவோம். சுற்றுவது வேறு, காற்றை இழுப்பது வேறு.

பழைய ஜீப்களில் காத்தாடி நேராக வாட்டர் பம்ப் புல்லியில் முறுக்கியிருக்கும். எஞ்சின் எவ்வளவு வேகமோ, அதற்கேற்ற வேகத்தில் எப்போதும் சுற்றும். குவாலிஸ் மாதிரி வண்டிகளில் நடுவில் ஒரு தட்டையான அலுமினியக் குடுவை இருக்கும், வெளியே காற்று ஆறுவதற்கான மடிப்பு மடிப்பாக. அதுதான் ஃபேன் கிளட்ச். கடையில் விஸ்கஸ் கிளட்ச், ஃபேன் கப்ளிங் என்று எப்படிக் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். உள்ளே கெட்டியான சிலிக்கான் ஆயில் இருக்கிறது. முன் முகத்தில் கடிகார ஸ்பிரிங் போலச் சுருண்ட ஒரு தகடு தெரியும். இரண்டு உலோகத்தை ஒட்டிச் செய்த தகடு அது. ரேடியேட்டரைத் தாண்டி வரும் காற்று சூடானால் அது முறுக்கிக்கொண்டு உள்ளே ஒரு வால்வைத் திறக்கும். சேமிப்பு அறையில் இருக்கும் ஆயில், வரிவரியாகப் பள்ளம் வெட்டிய வேலை அறைக்குள் பாயும். அந்தக் கெட்டி ஆயிலின் இழுவையால் புல்லிப் பக்கத்துத் தட்டு காத்தாடியையும் கூடவே இழுத்துக்கொண்டு ஓடும். காற்று ஆறினால் வால்வு மூடும், ஆயில் சேமிப்பு அறைக்கே திரும்பும், காத்தாடி சும்மா மெதுவாகச் சுற்றும்.

இவ்வளவு சிரமம் எதற்கு என்றால், காத்தாடி தின்கிற சக்தி கொஞ்சநஞ்சம் இல்லை. வேகம் இரண்டு மடங்கானால் அதைச் சுற்றத் தேவைப்படும் சக்தி எட்டு மடங்காகும். ரோட்டில் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே போதும். ஏற்றத்தில் இரண்டாவது கியரில் இருபதில் ஊர்ந்து போகும்போது எஞ்சின் கத்திக்கொண்டிருக்கும், எதிர்க்காற்று இருக்காது. அங்கேதான் காத்தாடி உண்மையில் வேலை செய்ய வேண்டும்.

ஆகவே முதல் கேள்வி, வண்டி எப்போது சூடாகிறது? மெதுவாக ஏறும்போதும், நெரிசலில் நிற்கும்போதும் மட்டும் சூடாகி, ஓட ஓட ஆறினால் கிளட்ச்சின் மேல் சந்தேகப்படலாம். சமதரையில் வேகமாகப் போகும்போதும் சூடானால் ரேடியேட்டர் அடைப்பைப் பாருங்கள். கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே எங்கேயும் எப்போதும் சூடாகி, ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் மட்டும் குளிர்ந்து கிடந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று நினைக்கலாம். ஆறிய வண்டியில் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தவுடனே தண்ணீரில் விடாமல் குமிழ் வந்தால், அல்லது கூலண்ட் காரணமில்லாமல் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டாக இருக்கலாம், அது வேறு பெரிய கதை. ஏசி உள்ள வண்டிகளில் இன்னொரு அடையாளம் உண்டு: நிற்கும்போது ஏசி குளிராமல், ஓடும்போது குளிரும்.

மலையேறுகிறவர்கள் ரேடியேட்டர் மூடியையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்துக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீரின் கொதிநிலை குறையும். மெட்டில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 95, 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் ரேடியேட்டருக்குள் கொதிக்காமல் இருக்கிறது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால், கிளட்ச் நன்றாக இருந்தாலும் மேலே போய்க் கொதிக்கும்.

இனி கிளட்ச்சைச் சோதிப்பது. சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். ஏசி வண்டிகளில் முன்னால் இருக்கும் மின்சார ஃபேன் தானாக ஓடும் வழக்கம் உண்டு.

காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது காத்தாடியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றி விடுங்கள். தேனில் கரண்டி சுற்றுகிற மாதிரி ஒரு சீரான தடை கைக்குத் தெரிய வேண்டும். சைக்கிள் சக்கரம் போல நாலைந்து சுற்று தானாகப் போனால் ஆயில் இல்லை. ஒரேயடியாக இறுகி, சுற்றவே மறுத்தால் அதுவும் கோளாறுதான், உள்ளே பிடித்துக்கொண்டிருக்கிறது. அப்படிப் பிடித்த கிளட்ச் வண்டியைச் சூடாக்காது. எந்நேரமும் உறுமிக்கொண்டே டீசல் குடிக்கும், வண்டிக்கு இழுவை குறையும். அடுத்து, எதிரெதிரான இரண்டு இறக்கைகளின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள். நுனியில் அரை சென்டிமீட்டருக்கு மேல் ஆட்டம் இருந்தால் கிளட்ச் பேரிங் போயிருக்கலாம், அல்லது வாட்டர் பம்ப் பேரிங். எது என்று கழற்றும்போது தெரியும். ஸ்பிரிங் இருக்கும் முன் முகத்திலும் பின்பக்க அச்சைச் சுற்றியும் டார்ச் அடித்துப் பாருங்கள். கறுப்பாக, பிசுபிசுப்பாக, மண் ஒட்டிய கோடு ஆரம் மாதிரி வெளியே தெறித்திருந்தால் சிலிக்கான் ஆயில் கசிந்திருக்கிறது. என் வண்டியில் அந்தக் கோடு தெளிவாக இருந்தது. அத்தனை தடவை பானெட் திறந்தும் நான் பார்க்கவில்லை.

உறுதியான சோதனை சூட்டில்தான். இதை எனக்குக் காட்டியவர் பூப்பாறையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் ஒரு சேட்டன். "வண்டி ஓஃப் ஆக்கிட்டு காத்தாடியை நோக்கு" என்றார். ஏறி வந்த சூட்டோடு பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவர் சாவியை அணைக்க, நீங்கள் தள்ளி நின்று பாருங்கள். நல்ல கிளட்ச் என்றால் எஞ்சின் நிற்கும்போதே காத்தாடியும் சேர்ந்து நின்றுவிடும். கெட்டது என்றால் எஞ்சின் நின்ற பிறகும் வீட்டுச் சீலிங் ஃபேன் மாதிரி ஆறஅமரச் சுற்றி நிற்கும். என்னுடையது மூன்று சுற்றுக்கு மேல் போனது. சேட்டன் சிரித்தார்.

சுருட்டிய செய்தித்தாளை ஓடுகிற காத்தாடிக்குள் நீட்டி, நின்றால் கெட்டது என்று சொல்கிற ஒரு சோதனையும் உண்டு. அதைச் செய்யாதீர்கள். கிளட்ச் கெட்டிருக்கிறதா நன்றாக இருக்கிறதா என்று உங்கள் விரல் போன பிறகுதான் தெரியவரும்.

ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தால் முதல் ஒன்றிரண்டு நிமிடம் காத்தாடி உறுமும். நின்றபோது ஆயில் வேலை அறைக்குள் வழிந்து தங்குவதால் வருகிற சத்தம் அது, ஓட ஓடச் சேமிப்பு அறைக்குத் திரும்பி அடங்கிவிடும். அது கோளாறில்லை. இன்னும் சொன்னால், காலையில் அந்தச் சத்தம் வரவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

வழியில் மாட்டிக்கொண்டால்? ஏசி இருந்தால் அணையுங்கள், ஹீட்டர் இருந்தால் முழுச்சூட்டில் வையுங்கள். அது இன்னொரு சின்ன ரேடியேட்டர் மாதிரி. ஓரங்கட்டி நிறுத்துங்கள். கொதித்து வெளியே பொங்கினால் எஞ்சினை அணையுங்கள். பொங்கவில்லை, முள் மட்டும் ஏறியிருக்கிறது என்றால் கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்து ஓடவிட்டு ஆறவிடலாம். மூடியைத் தொடவே தொடாதீர்கள், அரை மணி நேரமாவது போகட்டும். ஊற்றுத் தண்ணீரை நேராக எஞ்சின் மேல் ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஹெட் வெடித்தால் தெரியும்.

கிளட்ச்சில் ஓட்டை போட்டு போல்ட் அடித்து இறுக்கிவிடுவதும் எங்கள் பக்கத்தில் நடக்கிறது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சேர அது உதவும், மறுக்கவில்லை. அதையே வருசக்கணக்கில் ஓட்டினால் மைலேஜ் போகும், வாட்டர் பம்ப் பேரிங் சீக்கிரம் தேயும், முழு வேகத்தில் ஓயாமல் சுற்றுவதற்கென்று செய்யாத பிளாஸ்டிக் இறக்கை ஒருநாள் உடைந்து ரேடியேட்டருக்குள் பாயும்.

ஆயில் மட்டும் ஊற்ற முடியாதா? டொயோட்டா கிளட்ச்சுகளில் முடியும். 18 மில்லி ட்யூபாக சிலிக்கான் ஆயில் கிடைக்கிறது, 3,000, 6,000, 10,000 என்று வேறு வேறு கெட்டியில். பேரிங் ஆட்டமில்லாமல், கசிவில்லாமல், ஆயில் மட்டும் வயதாகியிருந்தால் செய்து பார்க்கலாம். கசிகிற கிளட்ச்சில் ஊற்றினால் ஓட்டைக் குடத்தில் ஊற்றின கதைதான். நான் புதுசு போட்டேன். வாங்கும்போது பழையதைக் கையில் எடுத்துப் போய், ஸ்டட் துளையின் இடைவெளி, உயரம், காத்தாடி போல்ட் துளை மூன்றையும் ஒப்பிட்டு வாங்குங்கள். உயரம் கொஞ்சம் கூடினாலும் காத்தாடி ரேடியேட்டரை உரசும்.

வேலைக்கு வருவோம். குவாலிஸுக்குப் பத்தாம் நம்பர், பன்னிரண்டாம் நம்பர் ரிங் ஸ்பேனர்கள், ஒரு சாக்கெட் செட், ஒரு அட்டைப்பெட்டி போதும். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். நான் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கை வைத்தேன்.

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். அட்டையை ரேடியேட்டர் அளவுக்கு வெட்டி காத்தாடிக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இறக்குங்கள். சோம்பல்பட்டு இதை விட்டால் ஸ்பேனர் வழுக்கி ரேடியேட்டர் துடுப்பில் குத்தும், ஒரு வேலை இரண்டாகும். மேல் ஹோஸ் வழியை மறித்தால் கூலண்ட் கொஞ்சம் இறக்கிவிட்டு அதைக் கழற்றுங்கள். இறக்கியதைச் சுத்தமான பாத்திரத்தில் பிடித்து மூடி வையுங்கள். இனிப்பாக இருக்கும் என்று நாய் நக்கிவிடும், அது விஷம்.

இப்போது ஒரு சூட்சுமம். பெல்ட்டைத் தளர்த்தும் முன்பே கிளட்ச்சைப் பிடித்திருக்கும் நாலு நட்டுகளையும் கால் சுற்று இளக்கிவிடுங்கள். பெல்ட் இறுக்கமாக இருக்கும்வரை புல்லி சுற்றாமல் பிடித்துக்கொள்ளும். பெல்ட்டை முதலில் தளர்த்திவிட்டால் ஸ்பேனரோடு புல்லியும் சேர்ந்து சுற்றும், நீங்களும் சுற்றுவீர்கள். நட் இளகியதும் ஆல்டர்னேட்டர் போல்ட்டைத் தளர்த்தி பெல்ட்டை விடுங்கள். ரேடியேட்டரோடு ஃபேன் கவரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளைக் கழற்றி, கவரை எஞ்சின் பக்கம் தள்ளுங்கள். நாலு நட்டையும் முழுக்க எடுத்து, காத்தாடி, கிளட்ச், கவர் மூன்றையும் ஒன்றாக மேலே தூக்குங்கள்.

வேறு சில வண்டிகளில் நாலு நட் இருக்காது, கிளட்ச்சே ஒரு பெரிய நட்டாக வாட்டர் பம்ப் அச்சில் முறுக்கியிருக்கும். அவற்றில் இடது மரை போட்டது நிறைய. எந்தப் பக்கம் கழலும் என்று உங்கள் வண்டியின் மேனுவலில் பார்த்த பிறகு பலம் கொடுங்கள்.

கிளட்ச் வெளியே வந்துவிட்டது, அவசரப்பட்டுப் புதுசைப் போடாதீர்கள். வாட்டர் பம்ப் அச்சைப் பிடித்து ஆட்டுங்கள், சுற்றுங்கள். கரகரப்போ ஆட்டமோ இருந்தால், அல்லது பம்ப்பின் அடியில் உள்ள சின்னத் துளையில் கூலண்ட் காய்ந்த கறை இருந்தால் பம்ப்பையும் இப்போதே மாற்றுங்கள். ஆடுகிற பம்ப்தான் பல நேரம் புது கிளட்ச்சைச் சீக்கிரம் கொல்கிறது. பெல்ட்டில் வெடிப்பு இருந்தால் அதையும்.

காத்தாடியைப் பழைய கிளட்ச்சிலிருந்து பிரிக்கும் முன் எந்தப் பக்கம் ரேடியேட்டரைப் பார்க்கிறது என்று சாக்பீஸில் எழுதிவிடுங்கள். திருப்பி மாட்டினால் காற்று இழுப்பது பாதியாகக் குறைந்துவிடும், புது கிளட்ச் போட்டும் சூடாகிறதே என்று மண்டையை உடைத்துக்கொள்வீர்கள். இறக்கைகளின் அடியில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் இருந்தால் பசை போட்டு ஒட்டுகிற ஆசையே வேண்டாம். புது கிளட்ச்சை மாட்டும்வரை, வண்டியில் இருப்பது போலவே நிமிர்த்தி வையுங்கள். முகம் கீழாகக் குப்புறப் போட்டால் ஆயில் கசியும், ஸ்பிரிங்கும் நசுங்கும்.

மாட்டுவது கழற்றியதன் தலைகீழ். புல்லி முகத்தைத் துணியால் துடைத்து, கவரையும் காத்தாடியையும் சேர்த்தே இறக்கி, நாலு நட்டையும் கையால் முறுக்கி, பெல்ட் இறுக்கிய பிறகு எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்குங்கள். காத்தாடியைக் கிளட்ச்சில் பிடிக்கும் போல்ட்டுகள் சின்னவை, அலுமினியத்தில் போகிறவை. குட்டை ஸ்பேனரில் மணிக்கட்டு பலம் போதும். கவரைச் சில பேர் "இது எதுக்கு, வேலைக்கு இடைஞ்சல்" என்று மூலையில் போட்டுவிடுவார்கள். கவர் இல்லாத காத்தாடி ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்துக் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டிருக்கும். மறக்காமல் மாட்டி, காத்தாடியைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, சுற்றிலும் இடைவெளி சமமாக இருக்கிறதா என்று பாருங்கள். அட்டையை எடுத்துவிட்டீர்களா? நான் ஒருமுறை எடுக்க மறந்தேன்.

கூலண்ட் நிரப்பி, மூடி திறந்தபடி ஓடவிட்டு, காற்றுக் குமிழ் அடங்கிய பிறகு அளவு பார்த்து மூடுங்கள். அப்புறம் வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றி வைத்து, கிரில்லுக்கு முன்னால் அட்டையை மறைத்துப் பிடித்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் சூடு ஏறும். முள்ளிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். ஒரு கட்டத்தில் காத்தாடிச் சத்தம் மாறும். சும்மா வீசிக்கொண்டிருந்தது ஓவென்று இரைய ஆரம்பிக்கும். அட்டையை எடுத்தால் சிறிது நேரத்தில் இரைச்சல் இறங்கும், முள்ளும் இறங்கும்.

திங்கட்கிழமை எட்டாவது வளைவில் உறுமியது. பின்னாலிருந்து, "ஆங், கத்துது" என்று குரல் வந்தது. ஒரு வாரம் ஓட்டிய பிறகு நாலு நட்டையும் பெல்ட்டையும் இன்னொரு தடவை சரிபாருங்கள். என் வண்டியில் ஒரு நட் கால் சுற்று ஏற்றுக்கொண்டது, பெல்ட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது.